கைராசியா, இடமா? வீட்டுத்தோட்டத்தை ஒரு பாடமாக்குவோம்

"அவங்க கை வச்சா பட்ட மரமும் துளிர்க்கும்" என்று சிலரைப் பற்றிச் சொல்வோம். வைத்த செடியெல்லாம் காய்ந்துபோகும் ஒருவரைப் பார்த்து, "உனக்குக் கைராசி இல்லை" என்போம். பெரியவர்களுக்கு இது வெறும் பேச்சுவழக்கு. எட்டாம் வகுப்பு மாணவருக்கு அப்படியல்ல. பள்ளியில் வாங்கிச் சென்ற கன்று மூன்றே வாரத்தில் பட்டுப்போனால், "எனக்குச் செடி வராது" என்ற முடிவுக்கு அந்தக் குழந்தை வந்துவிடுகிறது. காரணத்தைத் தேடவேண்டிய இடத்தில் ராசி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மரக்கன்று வழங்கும் நாள்களில், "உனக்கு எந்தச் செடி வேண்டும்?" என்று மாணவரைக் கேட்கிறோம். "எங்கே வைக்கப்போகிறாய்? அந்த இடத்தில் வெயில் எவ்வளவு நேரம் விழும்?" என்று பெரும்பாலும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் வீட்டுத்தோட்டம் அறிவியல், கணிதம், சமூக அறிவியல் மூன்றுக்கும் பொதுவான ஒரு நல்ல பாடமாகிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் நான் நடத்திவரும் இந்தப் பாடத்தைச் செயல்பாடுகளாகப் பிரித்து இங்கே தருகிறேன். எங்கள் பள்ளி மழை குறைந்த சமவெளிப் பகுதியில் உள்ளது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி ஆசிரியர்கள் செடிகளின் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். கேள்விகள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

செடிக்கு முன் நான்கு கேள்விகள்

ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டைச் சுற்றிச் செடி வைக்க வாய்ப்புள்ள மூன்று அல்லது நான்கு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசல் ஓரம், கொல்லைப்புறம், குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம், படிக்கட்டு, மாடி என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு கேள்விகள்:

1. இங்கே ஒரு நாளில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?
2. தண்ணீர் எங்கிருந்து வரும்? எவ்வளவு கிடைக்கும்? யார் கொண்டுவந்து ஊற்றுவது?
3. ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரமாகிறது?
4. செடி முழுதாக வளர்ந்த பிறகு அதன் அருகில் என்ன இருக்கும்? சுவரா, ஓட்டுக்கூரையா, மின்கம்பியா, கழிவுநீர்த் தொட்டியா, குழந்தைகள் விளையாடும் இடமா?

நான்குக்கும் விடை எழுதிய பிறகுதான் செடியின் பெயரை எழுத வேண்டும். மாணவர்கள் அவசரப்படுவார்கள். "டீச்சர், நான் ரோஜாதான் வைப்பேன்" என்று முதல் நாளே சொல்வார்கள். "வை. ரோஜாவுக்குப் பிடித்த இடம் உங்கள் வீட்டில் எது என்று கண்டுபிடித்துவிட்டு வை" என்று சொல்லி அனுப்பலாம்.

செயல்பாடு 1: வெயில் அட்டவணை

விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கொரு முறை தேர்ந்தெடுத்த இடங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அடையாளத்துக்கு ஒரு கல். கல்லின் மேல் வெயில் விழுந்தால் 'வெ', நிழலாக இருந்தால் 'நி'. கடைசியில் 'வெ'க்களைக் கூட்டினால் அந்த இடத்தின் வெயில் நேரம் கிடைத்துவிடும். கருவி எதுவும் தேவையில்லை. கடிகாரம் இல்லாத வீட்டில் கைப்பேசியே போதும்.

கிடைத்த எண்ணை மூன்று வகையாகப் பிரிக்கலாம். 6 மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் இடம் காய்க்கும் செடிகளுக்கு: தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, முருங்கை. 3 முதல் 5 மணி நேரம் என்றால் கீரைகள், கொத்தமல்லி, புதினா. 3 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கும் நிலையில் ஓமவல்லி, இஞ்சி, சேம்பு, வெற்றிலை போன்றவை.

ஏன் இந்த வேறுபாடு என்று வகுப்பில் கேட்க வேண்டும். ஒளிச்சேர்க்கைப் பாடம் இங்கேதான் உயிர்பெறுகிறது. இலை தயாரிக்கும் உணவில் தன் வளர்ச்சிக்குப் போக மிஞ்சுவதைக் கொண்டுதான் செடி காயையும் பழத்தையும் உருவாக்க முடியும். வெயில் குறைந்தால் மிச்சம் குறையும். இலையை மட்டும் பறிக்கும் கீரைக்கு அவ்வளவு மிச்சம் தேவையில்லை. நிழலில் வைத்த தக்காளிச் செடி ஒல்லியாக, நெட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து வளர்வதை மாணவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பத்தாம் வகுப்பில் ஆக்சின் பற்றிப் படிக்கும்போது அந்தச் சாய்வு நினைவுக்கு வந்தால், பாடம் தானாகப் புரியும்.

செயல்பாடு 2: மதில் நிழலைக் கணக்கிடுதல்

வெயில் அட்டவணையை ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் எடுத்தால் போதாது. ஜூன் மாதத்தில் வெயில் விழுந்த இடம் டிசம்பரில் நிழலாகிவிடலாம். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கும் கடகரேகைக்கும் நடுவில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி நம் தலைக்குத் தெற்கிலும், கோடையில் சில மாதங்கள் வடக்கிலும் நிற்கிறது. இடையில் இரண்டு நாள்கள் நேர் உச்சியில் நிற்கும். அவையே நிழலில்லா நாள்கள். மதுரைப் பகுதிக்கு அவை ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் வரும்.

இதைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலுடன் இணைக்கலாம். மதுரையின் அட்சரேகை ஏறக்குறைய 10 பாகை வடக்கு. டிசம்பர் 22 வாக்கில் சூரியன் மகரரேகைக்கு நேர்மேலே, அதாவது 23.5 பாகை தெற்கில் இருக்கும். எனவே நண்பகலில் அதன் ஏற்றக்கோணம் 90 − (10 + 23.5) = 56.5 பாகை. 10 அடி உயர மதிலின் நிழல், 10 ÷ டேன் 56.5° = சுமார் 6.6 அடி. இது மதிலின் வடக்குப் பக்கம் விழும்.

ஜூன் 21 வாக்கில் சூரியன் கடகரேகைக்கு நேர்மேலே நிற்கும். ஏற்றக்கோணம் 90 − (23.5 − 10) = 76.5 பாகை. அதே மதிலின் நிழல் சுமார் 2.4 அடிதான். அதுவும் தெற்குப் பக்கம்.

ஆகவே மதிலுக்கு வடக்கே 4 அடி தள்ளி ஆனி மாதத்தில் மிளகாய் நாற்று வைத்தால், அப்போது நண்பகல் வெயில் நன்றாக விழும். காய்க்கவேண்டிய மார்கழியில் அதே இடம் உச்சி வேளையிலும் நிழலில் கிடக்கும். "நல்லாத்தான் வந்தது, திடீர்னு நின்னுபோச்சு" என்று சொல்லும் பல செடிகளின் கதை இதுதான்.

கணக்கிட்ட நிழலைப் பள்ளி மதிலில் அளந்து சரிபார்க்கலாம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது; நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் சூரியன் நமக்கு உச்சிக்கு வருவது 12 மணிக்குச் சற்றுப் பின்னர்தான். 12 மணியிலிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு நேரான குச்சியின் நிழலை அளந்து, மிகக் குறுகிய நிழலைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

செயல்பாடு 3: குழியும் குப்பியும்

ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோலால் அளக்க வேண்டும். இரண்டாவது முறை நிரப்பிய நீர் மறுநாள் வரை தேங்கி நின்றால், அங்கே பப்பாளி வைக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் பப்பாளியின் அடித்தண்டு அழுகிவிடும். வைத்தே ஆகவேண்டும் என்றால் மண்ணை மேடாக அணைத்து அதன்மேல் வைக்கலாம். கறிவேப்பிலைக்கும் இதே கவனம் வேண்டும்.

மண்ணின் தன்மையை அறிய, கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீருமாக நிரப்பிக் குலுக்கி வைக்கலாம். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி ஒரு நாளுக்குப் பிறகும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். படிந்த அடுக்குகளை அளந்து விகிதமாக எழுதினால் கணிதப் பாடமும் சேர்ந்துவிடுகிறது. மணல் மிகுந்த மண்ணுக்கு அடிக்கடி கொஞ்சமாக நீர் தேவை. களிமண்ணுக்கு இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். இரண்டுக்குமே மக்கிய தொழுவுரம் உதவும்.

செயல்பாடு 4: குடக் கணக்கு

கோடையில் ஒரு செடிப்பைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 லிட்டர் நீர் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். 10 பைகள் என்றால் ஏறக்குறைய 15 லிட்டர். அதாவது ஒரு பிளாஸ்டிக் குடம். அந்தக் குடத்தைத் தெருக்குழாயிலிருந்து தூக்கிவரப்போவது யார்? பெரும்பாலும் அம்மா அல்லது அக்கா. வீட்டுத்தோட்டத் திட்டங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

அதனால் மாணவர்கள் வீட்டில் ஒரு நாள் எத்தனை குடம் தண்ணீர் வருகிறது, அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர், குளியல் நீர் எவ்வளவு, எது எங்கே போகிறது என்று எழுதிவர வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தொட்டிச் செடிகளுக்கு அப்படியே ஊற்றலாம். சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு விடக் கூடாது. அது போகும் வழியில் வாழை, கல்வாழை, சேம்பு வைக்கலாம். நம் முன்னோர் கிணற்றடியிலும் அடுக்களைத் தண்ணீர் வெளியேறும் இடத்திலும் வாழையை வைத்தது இந்தக் கணக்கில்தான். தேங்கும் சாக்கடை நீரை வாழை குடித்துவிடும். வாழைக்குத் தனியாகத் தண்ணீர் சுமக்கவும் வேண்டாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் பீன்ஸ் போன்றவை தாங்காது. தென்னை, சப்போட்டா ஓரளவு தாங்கும்.

எந்தத் திசைக்கு எது?

நான்கு செயல்பாடுகளும் முடிந்த பின் மாணவர்கள் தாங்களாகவே ஒரு பட்டியலுக்கு வருவார்கள். சமவெளிப் பகுதி வீடுகளுக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கிழக்குப் பக்கம்: காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்குப் பின் வீட்டு நிழல் விழும். கீரை, கொத்தமல்லி, புதினா, நாற்றங்கால் ஆகியவற்றுக்கு ஏற்ற இடம்.

தெற்குப் பக்கம்: ஆவணியிலிருந்து பங்குனி வரை நல்ல வெயில். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, மல்லிகை ஆகியவற்றை இங்கே வைக்கலாம்.

மேற்குப் பக்கம்: மாலை வெயிலில் சுவர் சுடும், இளஞ்செடிகள் வாடும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளிப் பந்தல் போட்டுப் பீர்க்கு, புடலை, கோவை, அவரை ஏற்றலாம். காயும் கிடைக்கும், வீட்டுக்குள் வெக்கையும் குறையும். நாட்டு அவரை, பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் விதைத்தது மார்கழி, தை வரை காத்திருக்க வைக்கும் என்பதை மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வடக்குப் பக்கம்: மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நிழல். இஞ்சி, மஞ்சள், ஓமவல்லி, சேம்பு வைக்கலாம். கொழுகொம்பும் ஈரமும் இருந்தால் வெற்றிலையும் வரும்.

ஒரே பாத்தியில் உயரமான செடியும் குட்டையான செடியும் வைப்பதானால் உயரமானதை வடக்கு ஓரத்தில் வைக்க வேண்டும். ஏன் என்பதை மதில் நிழல் கணக்கைப் பார்த்து மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

மரங்களுக்கு நான்காவது கேள்வி முக்கியம். முருங்கைக் கிளை எளிதில் முறியும். ஆடிக் காற்று பலமாக வீசும் தேனி, கோவை போன்ற பகுதிகளில் ஓட்டுக்கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகில் முருங்கை ஆபத்து. கன்று இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டுக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். தென்னைக்கும் தென்னைக்கும் இடையே 25 அடி தேவை. மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சும் இடத்தில் நான்கு தென்னை வைப்பது நான்கையும் பட்டினி போடுவதாகும். வேம்பு போன்ற பெருமரங்களைச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் 15 அடியாவது தள்ளி வைப்பது நல்லது. அந்த அளவுக்கு இடமில்லாத வீட்டில் வேம்பு வேண்டாம். அந்தக் கன்று தெருவுக்கோ ஏரிக்கரைக்கோ போகட்டும்.

முற்றமில்லாத வீட்டுக் குழந்தை

"உங்கள் வீட்டுத்தோட்டத்தைப் படம் எடுத்து வாருங்கள்" என்ற ஒரு வரி, வகுப்பில் சிலரைத் தலைகுனிய வைக்கும். வரிசை வீட்டில் ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பம், வீட்டுக்காரர் தொட்டி வைக்க அனுமதிக்காத வாடகை வீடு, புறம்போக்கில் வாசலே சாலையாக இருக்கும் குடிசை எனப் பல வீடுகளிலிருந்து நம்மிடம் குழந்தைகள் வருகிறார்கள். இடத்தைப் படிப்பதுதான் பாடம் என்று ஆகிவிட்டால் அந்தக் குழந்தைக்கும் பாடம் உண்டு. ஜன்னல் திண்டில் இரண்டு மணி நேரம் வெயில் விழுகிறது என்று கண்டுபிடிப்பதும் கண்டுபிடிப்புதான். அந்தத் திண்டில் ஒரு பழைய டப்பாவில் ஓமவல்லிக் குச்சி ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும்.

மாடி இருக்கும் வீடுகளுக்கு எடைக் கணக்கு அவசியம். ஒரு கன அடி ஈர மண்ணின் எடை ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ. பத்துப் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல், அடியில் சுவரோ உத்தரமோ உள்ள ஓரங்களில் பரப்பி வைக்க வேண்டும். மண்ணில் தென்னைநார்க் கழிவைக் கலந்தால் எடை குறையும், ஈரமும் நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளின் மேல் எதையும் ஏற்றக் கூடாது.

எந்த வழியும் இல்லாத மாணவருக்குப் பள்ளி வளாகத்தில் இரண்டு அடி இடத்தை அவர் பெயருக்கு ஒதுக்கிவிடலாம். ஊர் நூலகம், அங்கன்வாடி, கோயில் நந்தவனம் ஆகியவற்றில் பொறுப்பானவரின் அனுமதி பெற்று ஓர் இடத்தை ஆய்வு செய்யவும் சொல்லலாம். இடம் தம்முடையதாக இருக்கவேண்டும் என்பதில்லை. பார்த்த கண் தம்முடையதாக இருந்தால் போதும்.

பாதுகாப்பு குறித்து இரண்டு செய்திகள்

முதலாவது, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை, கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு நாள் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதைத் தோட்ட வேலையில் ஒன்றாகவே எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது, நச்சுச் செடிகள். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சு. மஞ்சள் அரளி விதை உயிரையே பறிக்கும். காட்டாமணக்கு, ஆமணக்கு விதைகளைச் சிறு குழந்தைகள் கொட்டை என்று நினைத்து வாயில் போட்டுவிடுவார்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கடும் நச்சு. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டிலும், தொடக்கப்பள்ளி வளாகத்திலும் இவற்றுக்கு இடம் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் பெரியவர்கள் அகற்ற வேண்டும். மாணவர்களை அகற்றச் சொல்லக் கூடாது. யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால், வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பதிவேடு சொல்லும் உண்மை

செடி வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு மாணவரும் ஒரு பதிவேடு எழுத வேண்டும். தேதி, ஊற்றிய நீர், உயரம், இலை எண்ணிக்கை, குறிப்பு என ஐந்து கட்டங்கள். செடி பட்டுப்போனால் பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்துக் காரணத்தை எழுத வேண்டும். "கைராசி இல்லை" என்பதைக் காரணமாக எழுதக் கூடாது என்பது மட்டும் விதி.

ராசியை நேரடியாகச் சோதிக்கவும் முடியும். ஒரே மண் நிரப்பிய ஆறு பைகளில் ஒரே அளவு சிறுகீரை விதை தூவி, மூன்றை வெயிலிலும் மூன்றை நிழலிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று மாணவர்கள், ஆளுக்கு ஒரு பை, ஒரே அளவு நீர். 25 முதல் 30 நாளில் கீரை பறிப்புக்கு வந்துவிடும். பறித்து எடைபோட்டால், ஒரே பக்கத்துப் பைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டைவிட வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரியது என்று தராசே காட்டிவிடும். எந்த மாறியை மாற்றினோம், எவற்றை மாற்றாமல் வைத்தோம் என்று பேச இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

பதிவேடுகளைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். மாணவிகள் சிலரின் ஏடுகளில் மாதத்துக்கு ஒரு முறை மூன்று, நான்கு நாள்கள் நீர்க் கட்டம் காலியாக இருந்தது. ஒரு மாணவி குறிப்பில் எழுதியிருந்தார்: "வீட்டுக்குத் தூரம். ஊற்றவில்லை." அந்த நாள்களில் பெண்கள் தொட்டால் கறிவேப்பிலையும் துளசியும் பட்டுப்போகும் என்ற நம்பிக்கை நம் பகுதிகளில் பல வீடுகளில் இருப்பது நமக்குத் தெரிந்ததே. அவருடைய கறிவேப்பிலைக் கன்று ஏப்ரல் வெயிலில் வாடியபோது, "நீ தொட்டிருப்பாய்" என்று வீட்டில் சொன்னார்களாம். ஏடு சொல்வதோ நேர்மாறானது. அவர் தொடவில்லை, அதனால்தான் வாடியது. பையில் இருக்கும் சிறு கன்று, சித்திரை வெயிலில் மூன்று நாள் நீரில்லாமல் தாங்காது.

இதை வகுப்பு முழுவதற்கும் விவாதமாக்கவில்லை. வீட்டில் எதிர்த்துப் பேசு என்று அந்த மாணவியிடம் சொல்லவும் இல்லை; அதன் சுமை முழுவதும் அவர் தலையில்தான் விழும். பள்ளியில் அவருக்கென ஒரு பையில் கறிவேப்பிலை வைத்தோம். பள்ளி நாள்களில் ஒரு நாளும் விடாமல் அவரே நீர் ஊற்றினார். வீட்டுக்குத் தூரமான நாள்களையும் தம் ஏட்டில் சிறு புள்ளியால் குறித்துக்கொண்டார். இரண்டு பருவம் முடிந்தபோது பக்கத்துப் பைகளில் இருந்ததைப் போலவே அந்தக் கன்றும் துளிர்த்து நின்றது. புள்ளி வைத்த நாள்களுக்கும் செடிக்கும் தொடர்பில்லை என்பதை அவரே எண்ணிப்பார்த்துச் சொன்னார். வீட்டு வழக்கம் இதனால் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம் உடலைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு பழி பொய் என்பது அந்தக் குழந்தைக்குத் தம் கையெழுத்திலேயே தெரியும். ஆண் ஆசிரியர்கள் இத்தகைய குறிப்புகளைக் கண்டால் சக ஆசிரியையின் உதவியுடன் தனியாகப் பேசுவது நல்லது.

மதிப்பீடு

செயல்திட்டத்துக்கு 20 மதிப்பெண் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: வெயில் அட்டவணை 5, நீர், மண் ஆய்வு 5, இந்த இடத்துக்கு இந்தச் செடி ஏன் என்ற விளக்கம் 5, பதிவேடு 5. செடி உயிரோடு இருப்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. பட்டுப்போன செடிக்கு ஆதாரத்தோடு காரணம் எழுதிய மாணவர் முழு மதிப்பெண் பெறலாம். உயிருள்ள செடிக்கு மதிப்பெண் கொடுத்தால், கடைசி நாளில் நாற்றுப்பண்ணையிலிருந்து புதிய தொட்டிகள் வந்து இறங்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு

1 முதல் 3 வகுப்புகளுக்குக் கல் நிழல் விளையாட்டு போதும். காலையில் ஒரு கல்லின் நிழலைச் சாக்கட்டியால் வரைந்து, மதியமும் மாலையும் மறுபடி வரைந்து, "நிழல் எங்கே போனது?" என்று பேசலாம். வெயில் விழுந்த மணிகளை விதைகளை வைத்து எண்ணச் சொன்னால் எண் பயிற்சியும் ஆயிற்று. 4, 5 வகுப்பு மாணவர்கள் திசை குறித்து வீட்டின் வரைபடம் வரைந்து, குழாய், சாக்கடை, மரம், மதில் ஆகியவற்றை அதில் குறிக்கலாம். வெயில் அட்டவணை எடுக்கும்போது வீட்டுப் பெரியவர்களும் கூட இருக்கட்டும். தாத்தா, பாட்டிக்குத் தெரிந்த செடிகளின் பெயர்களும் அப்போது வகுப்புக்கு வந்து சேரும்.

ஆண்டுத் திட்டம்

ஜூன் மாதம் முதல் வெயில் அட்டவணையையும் மண் ஆய்வையும் முடித்துவிட்டால், ஆடிப் பட்டத்துக்கு விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர் தேங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரையாண்டு விடுமுறையில் இரண்டாவது வெயில் அட்டவணை. ஜூன் அட்டவணையோடு ஒப்பிட்டுத் தொட்டிகளை இடம் மாற்றலாம். கீரை, கொத்தமல்லி போன்ற குறுகிய காலப் பயிர்களை மார்ச் மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளிச் செடிகளுக்கு நீர் ஊற்ற ஆள் இருப்பதில்லை. ஆகவே அங்கே நீண்டகாலச் செடிகளைக் குறைவாக, தண்ணீர் தானாக வந்து சேரும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். கைகழுவும் குழாயின் வடிகால் ஓரம் அதற்கு ஏற்றது. உங்கள் பள்ளியில் அந்த வடிகால் இப்போது எங்கே போய்ச் சேருகிறது என்பதை, நாளை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் மாணவர்களோடு போய்ப் பார்த்துவிடுங்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.